பாதையையும் உறுதியில் எழுதுங்கள்

ஹட்டனில் காணிப் பிரச்சினைக்கு மனு எழுதித் தரும்படி என்னிடம் வருகிறவர்கள் பலருக்கு எல்லைத் தகராறு கிடையாது. நடக்கும் வழிதான் தகராறு. கடைசியாக வந்த அக்கா டிக்கோயா பக்கம் பத்து பேர்ச்சஸ் வாங்கி வீடு கட்டியவர். மேல்காணி கைமாறியதும் புதியவர் படிக்கட்டுக்குக் குறுக்கே முள்ளுக்கம்பி அடித்துவிட்டார். இப்போது கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு மலையைச் சுற்றி ஏற வேண்டும். "இருபது வருசமா நடந்த பாதை சேர், எழுத்து ஒண்ணும் இல்ல" என்றார்.

எழுத்து இல்லாமலும் உரிமை உண்டாகலாம். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, தனியார் காணியில் ஒரே தடத்தில் பத்து வருடம் இடையூறின்றி உரிமையாக நடந்திருந்தால் வழியுரிமை கோரலாம். காணிக்காரர் தயவில் விட்ட பாதையென்றால் அது எடுபடாது. வழக்கு பெரும்பாலும் இங்கேதான் சிக்கும். அதனால் பழைய அயலவரின் சாட்சியும் நில அளவையாளரின் வரைபடமும் அவசியம்.

கம்பியை நீங்களே பிடுங்காதீர்கள். உங்கள் மேல்தான் வழக்கு வரும். உடனே பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். கைகலப்பு மூளும் நிலை இருந்தால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில் பொலிஸாரோ, சத்தியக்கடதாசியுடன் நீங்களோ ஆரம்ப நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே கிடைப்பது தற்காலிகக் கட்டளைதான். முடிவான தீர்ப்பு மாவட்ட நீதிமன்றத்தில். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லையா? குறைந்த வருமானக்காரருக்காகவே 1978 இல் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. வெட்கப்படாமல் போங்கள்.

என் மனதை அறுப்பது தோட்டத்து மக்களின் நிலை. தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது. 1992 முதல் கம்பனிகள் குத்தகைக்கு நடத்துகின்றன. அரசுக் காணியில் இந்தப் பத்து வருடக் கணக்கு செல்லாது. பாட்டன் காலத்திலிருந்து பிணம் தூக்கிப்போன பாதையானாலும், லயத்து மக்களுக்கு அது சட்டப்படி சொந்தமில்லை. ஐந்து தலைமுறை உழைத்தவர்களுக்கு இது அநீதி.

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி தோட்ட மக்களுக்கு 10,000 வீடுகளை அறிவித்தார். குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் உறுதியும் பற்றிய பேச்சு இன்றும் ஓயவில்லை. சரிவான மலையில் ஏழு பேர்ச்சஸுக்கு இறங்கும் வழி இன்னொருவரின் ஏழு பேர்ச்சஸ் வழியாகத்தான் போகும். இன்று அண்ணன் தம்பியாக இருப்பவர்களின் பிள்ளைகள் நாளை வேலி போடுவார்கள். ஆகவே உறுதி வழங்கும் அதிகாரிகளே, தொழிற்சங்கத் தலைவர்களே, ஒவ்வொரு வரைபடத்திலும் நடைபாதையைக் கீறி, அதன் அகலத்தையும் எழுதிய பிறகு கையெழுத்திடுங்கள். உறுதி வாங்கப் போகிறவர்களும் அதைப் பார்க்காமல் கையொப்பம் வைக்காதீர்கள்.