பிடித்த பண்டத்தைப் பத்திரப்படுத்துங்கள்

வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1986-லேயே தொடங்கிவிட்ட எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை, இன்று குரோம்பேட்டை, பெரும்பாக்கம், தரமணி என்று தென்சென்னைப் புறநகரிலேயே கிடைக்கிறது. தென்மாவட்டத்திலிருந்து வரும் குடும்பங்கள் தாம்பரத்தில் ரயிலைவிட்டு இறங்கி, மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, நோயாளிப் பிள்ளைக்குத் தாங்களே சமைப்பதும் உண்டு. கொடையாளர், செலவு, காப்பீடு, கிருமித்தொற்று பற்றியெல்லாம் நிறையப் பேசுகிறோம். தட்டைத் தள்ளிவிடும் பிள்ளையை மட்டும் ‘அடம் பிடிக்குது’ என்று சொல்லி, எப்படியாவது நாலு வாய் ஊட்டிவிடப் பார்க்கிறோம். அந்த நாலு வாய் நல்லதைவிடக் கெடுதலே அதிகம் செய்யக்கூடும்.

இந்த சிகிச்சையில் ஸ்டெம் செல்களை ஏற்றுவதற்கு முன்பு சில நாள்கள் மிகக் கடுமையான கீமோதெரபி தருகிறார்கள். சிலருக்கு உடல் முழுவதும் கதிர்வீச்சும் உண்டு. வேகமாகப் பெருகும் செல்களை இவை அதிகம் தாக்கும். நாக்கின் சுவை மொட்டுச் செல்கள் சுமார் 10 நாளில் புதுப்பிக்கப்படுபவை என்பதால் அவையும் தப்புவதில்லை. கூடவே வாய்ப்புண், எச்சில் வறட்சி. நேற்றுவரை இனித்த பால் இன்று கசக்கலாம். எதைத் தின்றாலும் இரும்பு ருசி அடிக்கலாம். பிள்ளையின் சொந்த செல்களையே எடுத்து உறையவைத்துத் திரும்ப ஏற்றும்போது, அவற்றைப் பாதுகாக்கச் சேர்த்த டிஎம்எஸ்ஓ என்ற திரவம் வாயிலும் மூச்சிலும் பூண்டு வாடையைக் கிளப்பும். அறைக்குள் நுழைகிறவர்களுக்கே அது தெரியும். அந்த வாயில் போய் நெய்ச்சோறு எப்படி ருசிக்கும்?

‘இரண்டு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும், இதற்கேன் இத்தனை கவலை?’ என்று கேட்கலாம். நாக்கைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரிதான். சிட்னியில் சிறு எண்ணிக்கையிலான குழந்தைகளிடம் நடத்தி 2012-ல் வெளியான ஆய்விலும், சுவையும் மணமும் சுமார் இரண்டு மாதத்தில் திரும்பியிருந்தன. ஆனால் மனம் அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஐலீன் பெர்ன்ஸ்டைன், வயிற்றைக் குமட்டும் கீமோதெரபிக்குச் சற்றுமுன் குழந்தைகளுக்குப் புதுச் சுவையுள்ள ஐஸ்கிரீம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். சில வாரம் கழித்து அதையே நீட்டியபோது பெரும்பாலான குழந்தைகள் ஒதுக்கினார்கள். 1978-ல் வெளியான முடிவு இது. அவர் பங்கேற்று 1987-ல் வெளியான இன்னோர் ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் நடுவே அழுத்தமான சுவையுள்ள மிட்டாய் கொடுத்தால், சாப்பாடு வெறுப்பிலிருந்து ஓரளவு தப்பியது. ‘பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்குமே’ என்று கீமோ நாளில் முட்டைதோசையோ மீன்குழம்போ கொண்டுபோகும் அன்பு, அந்த ருசியையே பலிகொடுத்துவிடலாம். வீட்டுக்குத் திரும்பி எடை தேற வேண்டிய மாதங்களில்தான் அந்த இழப்பு உறைக்கும்.

சாப்பிடாவிட்டால் எடை குறையும், தேறுவது தாமதமாகும் என்பது உண்மையான கவலை. அதற்குத்தான் மூக்குக்குழாய் உணவும், ரத்தநாளம் வழியாகச் செலுத்தும் சத்தும் இருக்கின்றன. குழாய் போட்டாலே கைவிட்டுப் போனதாக நம் குடும்பங்கள் கலங்குகின்றன; உண்மையில் பிள்ளையோடு ஊட்டல் யுத்தம் நடத்தாமல் இருக்க அது அவகாசம் தருகிறது. வீட்டுச் சாப்பாட்டால் தொற்று வருமே என்ற அச்சமும் நியாயமானது. ஆனால் கீமோதெரபி பெற்ற குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வும், ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை பெற்ற பெரியவர்களிடம் இத்தாலியில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வும், சுத்தமாகக் கையாண்ட உணவைவிடக் கடும் பத்திய உணவு தொற்றை அதிகம் தடுத்ததாகக் காட்டவில்லை. இரண்டுமே மாற்று சிகிச்சை பெறும் குழந்தைகளைப் பற்றியவை அல்ல; ஆகவே மருத்துவர் விலக்கியதை யாரும் ஒளித்துக் கொடுக்க வேண்டாம். அந்த விதிகளுக்குள்ளேயே அப்போது அவித்த இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் இடம் கிடைக்குமா என்று கேளுங்கள்.

மருத்துவமனைகள் காய்ச்சலைக் குறிப்பதுபோல் ‘இன்று வாய் எப்படி இருக்கிறது’ என்று பிள்ளையிடமே தினமும் கேட்டுக் குறிக்க வேண்டும். உணவியலாளர் அதைப் பார்த்து மறுநாள் உணவை மாற்ற வேண்டும். இதற்குப் புது இயந்திரம் எதுவும் தேவையில்லை. பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: கீமோ நாள்களில் பிடித்த பண்டத்தை வார்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பிள்ளை வேண்டாம் என்றால் தட்டை எடுத்துவிடுங்கள்.