கொடைக்கானலுக்கு வழிவிட்ட ஊருக்கு வழி இல்லை!



"செருப்பே போடாத ஊர்"னு ஒரு ரீல்ஸ் உங்க போனுக்கும் வந்திருக்கும். மலைக்கு நடுவுல கொஞ்சம் வீடுகள், திரும்புற பக்கமெல்லாம் கோயில், ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கிற சுற்றுலாப் பயணிகள், பின்னணியில் ஒரு பாட்டு. நாமும் பார்த்தோம், லைக் போட்டோம், அடுத்த வீடியோவுக்குப் போயிட்டோம்.

அந்த ஊர் வெள்ளகவி. திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் ஒன்றியம். தெய்வங்கள் குடியிருக்கிற மண்ணுன்னு மக்கள் ஊருக்குள் செருப்பு போடுறதில்லை. அது அவங்க நம்பிக்கை, அதை மதிக்கிறோம். ஆனா அந்த ஊருக்கு ரோடு இல்லாதது யாரோட நம்பிக்கையும் இல்லை. அது நாம எல்லாரும் சேர்ந்து செய்த அலட்சியம்.

மேலேயிருந்து போனா, வட்டக்கானல் வந்து, டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி, வேரும் கல்லுமா இருக்கிற செங்குத்துப் பாதையில் இறங்கணும். கீழேயிருந்து போனா, பெரியகுளம் பக்கம் கும்பக்கரையிலிருந்து மூச்சு வாங்க ஏறணும். எந்தப் பக்கம் போனாலும் மணிக்கணக்கில் நடைதான். விளையுற காபி, மிளகு, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட் எல்லாம் குதிரை முதுகிலும் மனுஷன் தலையிலும்தான் சந்தைக்கு வருது. அரிசியும் சிமெண்டும் அதே மாதிரிதான் ஊருக்குப் போகுது. ஏற்றுகூலி, இறக்குகூலி போக விவசாயி கையில் என்ன நிற்கும்? கணக்கு நீங்களே போடுங்க.

சரக்காவது ஒரு நாள் காத்திருக்கும். நோயாளி?

நாம 108-க்கு போன் அடிச்சா வாசலுக்கு வண்டி வருது. அங்கே வண்டி ரோடு முடியுற இடத்தோட நின்னுடும். அதுக்கு மேல டோலிதான். ஒரு நீளக் கம்பு, ஒரு போர்வை, தோள் கொடுக்க நாலு பேர், தோள் மாத்திக்க இன்னும் நாலு பேர். பாம்புக்கடியா இருந்தாலும், நெஞ்சுவலியா இருந்தாலும், பிரசவ வலியா இருந்தாலும் அதே டோலிதான். அதே ஊராட்சியில் இருக்கிற சின்னூர், பெரியூர் மக்களுக்கு மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. காட்டாற்றில் வெள்ளம் வந்தா டோலியும் கரையிலேயே நிற்கணும். இந்த வலியை வெச்சு 2025-ல் 'கெவி'ன்னு ஒரு சினிமாவே வந்துடுச்சு.

இப்போ கொஞ்சம் வரலாறு பேசுவோம்.

கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் முதல் வீடுகளைக் கட்டியது 1845-ல். அப்போ மலைக்கு வண்டிப்பாதை கிடையாது. பெரியகுளம் பக்கத்து மலைச்சரிவில்தான் ஏறினாங்க. துரைமார்களையும் அவங்க குடும்பத்தையும் நாற்காலியிலும் டோலியிலும் வெச்சு நம்ம ஆட்கள் தோளில் சுமந்தாங்க. கட்டில், பாத்திரம், பெட்டி எல்லாமே தலைச்சுமைதான். "அந்தக் காலத்துல கொடைக்கானல் போற வழியே எங்க ஊர் வழிதான்"னு வெள்ளகவி பெரியவங்க இன்னைக்கும் சொல்றாங்க.

அப்புறம் 1910-களில் வத்தலக்குண்டு பக்கமா மோட்டார் ரோடு போட்டாங்க. பயணம் அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. கொடைக்கானல் 'மலைகளின் இளவரசி' ஆனது. பழைய வழியும் அதில் இருந்த மக்களும் மறந்துபோனாங்க. அன்னைக்கு துரையைத் தூக்கிக்கிட்டு மலை ஏறின டோலி, இன்னைக்கு நம்ம பொண்ணைத் தூக்கிக்கிட்டு மலை இறங்குது. நடுவில் வெள்ளைக்காரன் போனான், சுதந்திரம் வந்தது, எத்தனையோ ஆட்சிகள் மாறின. டோலி மட்டும் மாறலை!

இதில் இன்னொரு வேதனையும் இருக்கு. கூட்டம் அலைமோதுற வட்டக்கானலும் இதே வெள்ளகவி ஊராட்சிதான். ஊராட்சியின் மேல் முனையில் ஹோம்ஸ்டே, கஃபே, வரிசையா கார். ஊராட்சிக்கே பேர் கொடுத்த ஊருக்கு ஒரு பைக்கூட போகாது.

தேர்தல் வந்தா மட்டும் அதிகாரிகளுக்கு வழி தெரிஞ்சுடுது. ஓட்டு மெஷின் குதிரை மேல ஏறி நேரத்துக்குப் போய்ச் சேருது. மறுநாள் மெஷின் இறங்கினதும் எல்லாக் கட்சிகளும் சேர்ந்தே இறங்கிடுறோம். ஆமா, இதில் நம்மையும் சேர்த்துத்தான் சொல்றோம். தன்னைக் கேள்வி கேட்காத கட்சி அடுத்தவனைக் கேட்க முடியாது.

கேட்டா உடனே வரும் பதில், "அது காடு, சட்டம் இடம் கொடுக்காது."

சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். 2006 வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்கு மட்டுமில்லை, மூணு தலைமுறையா, அதாவது 75 வருஷமா, காட்டை நம்பி வாழும் மற்ற மக்களுக்கும் பொருந்தும். அதில் பிரிவு 3(2)-ஐப் படிங்க. பள்ளிக்கூடம், மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர், சாலை உட்பட 13 வசதிகளுக்கு வன நிலத்தை ஒதுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் இருக்கணும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்கணும். அவ்வளவுதான் நிபந்தனை. அதைவிட நீளமான ரோடுன்னா 1980 வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி வாங்கணும். கஷ்டம்தான், ஆனா கதவு பூட்டியில்லை. தட்டத்தான் ஆளில்லை.

காட்டை அழிச்சு ரோடு போடுங்கன்னு நாம கேட்கலை. மலைச்சரிவைக் கண்டபடி வெட்டினா என்ன ஆகும்னு ஒவ்வொரு மழையிலும் பார்க்கிறோம். அந்தக் காட்டை இத்தனை காலமும் காப்பாத்தினதே அந்த மக்கள்தான். அதனால் எந்த வழியா, எவ்வளவு அகலத்தில் ரோடு வரணும்னு முடிவு பண்ணும்போது அவங்களும் உட்காரணும்.

நம் கோரிக்கைகள் மூன்று:

🔴 ரோடு வரும்வரை காத்திருக்காதீங்க. ஊரிலேயே தங்கி வேலை பார்க்கும் செவிலியரோடு துணை சுகாதார நிலையம் இப்பவே வேணும். பாம்புக்கடி மருந்துக்காக யாரும் மலை இறங்கக் கூடாது.

🔴 இருக்கிற நடைபாதையைச் செப்பனிட்டு, காட்டாறுகளின் குறுக்கே நடைபாலம் கட்டணும்.

🔴 வனத்துறை, வருவாய்த்துறை, ஊராட்சி மூணும் கிராம சபையில் மக்கள் முன்னால் உட்கார்ந்து, ரோட்டுக்கான வழியை அளந்து, எப்போ முடியும்னு தேதி சொல்லணும்.

தோழர்களே, நம்ம பங்கு என்ன? அடுத்த கிராம சபைக்கு முன்னால் பிரிவு 3(2) தீர்மானத்தைத் தயார் பண்ண அந்த மக்களுக்குத் துணை நிற்கணும். உங்க பக்கத்து மலையிலும் இப்படி ஒரு ஊர் இருந்தா கமெண்டில் எழுதுங்க. அடுத்த தடவை அந்தச் செருப்பு ரீல்ஸ் வந்தா, கீழே ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இங்க ஒரு கர்ப்பிணிக்கு வலி வந்தா எப்படி இறங்குவாங்க?"

வெறுங்காலோடு நடக்கிறது அவங்க பக்தி. டோலியில் போறது அவங்க விதி இல்லை!

#வெள்ளகவிக்கு_வழி_வேண்டும்
#டோலி_போதும்