ஓசி வாங்கிட்டு ஓட்டு போடுறாங்களா? ஒரு சின்ன த்ரெட்

1/ "மாசம் ஆயிரம் ரூபா குடுத்தா போதும் டாக்டர், இந்த ஜனங்க ஓட்டு போட்டுடுவாங்க." டியூட்டி ரூம்ல டீ குடிக்கும்போது சக மருத்துவர் ஒருத்தர் சொன்னது. நிஜமாவே அப்படித்தானா? பார்ப்போம்.

2/ 2006ல கலர் டிவி தர்றோம்னு சொல்லி திமுக ஜெயிச்சது. சொன்ன மாதிரி குடுத்தாங்க. 108 ஆம்புலன்ஸ் (2008), கலைஞர் காப்பீட்டுத் திட்டம் (2009) எல்லாம் அதே ஆட்சியில வந்ததுதான். 2011ல கிடைச்சது 23 சீட்! வீட்டுல டிவி இருந்துச்சு, கரண்ட் இல்ல.

3/ 2021 பொங்கலுக்கு ரேஷன் கார்டுக்கு 2,500 ரூபா. அப்புறம் கூட்டுறவு பயிர்க்கடன் தள்ளுபடி, வாஷிங் மெஷின் வாக்குறுதி. அதிமுக ஆட்சியை இழந்தது.

4/ ஆந்திராவுல ஜெகன் அஞ்சு வருஷம் பட்டனை அழுத்தி மக்கள் அக்கவுண்ட்ல நேரடியா பணம் போட்டார். 2019ல 151 சீட், 2024ல வெறும் 11.

5/ அப்போ தாக்கமே இல்லையா? இருக்கு. 2023ல மத்தியப் பிரதேசத்துல பெண்களுக்கு மாதாந்திர உதவித்தொகை குடுத்த பாஜக பெரிய வெற்றி பெற்றது. ஆனா அது பல காரணங்கள்ல ஒண்ணு. விலைவாசி, வேலை, சாதி, கூட்டணி, வேட்பாளர்னு எல்லாத்தையும் சேர்த்துதான் மக்கள் முடிவு பண்றாங்க.

6/ எங்க ஓபியில தினமும் பார்க்கிறது இது. சுகர் மாத்திரை மாசாமாசம் கிடைச்சா யாரும் கையெடுத்துக் கும்பிட மாட்டாங்க. ஒரு மாசம் ஸ்டாக் இல்லைன்னா சண்டைக்கு வருவாங்க. வரணும். அது பிச்சை இல்ல, அவங்க உரிமை. ஒரு தடவை கிடைச்சது அப்புறம் உரிமையாயிடும். அதுக்கு நன்றி ஓட்டு எதிர்பார்க்கிற கட்சிதான் ஏமாறும்.

7/ கடைசியா ஒண்ணு. நான் அரசு மருத்துவக் கல்லூரியில வருஷம் 15 ஆயிரத்துக்கும் குறைவான ஃபீஸ்ல எம்பிபிஎஸ் படிச்சேன். அதே படிப்புக்கு தனியார்ல பல லட்சம். மீதியைக் கட்டினது மக்களோட வரிப்பணம். தீப்பெட்டி வாங்குற பாட்டியும் வரி கட்டுறாங்க.

8/ அவ்வளவு பெரிய சலுகை வாங்கின என்னை "ஓசி வாங்கிட்டு ஓட்டு போட்டியா?"ன்னு இதுவரைக்கும் ஒருத்தர் கூட கேட்டதில்லை. படிச்சவன், யோசிச்சுப் போடுவான்னு விட்டுடுறாங்க.

9/ ஆயிரம் ரூபா வாங்குற அந்த அம்மாவும் யோசிச்சுத்தான் போடுறாங்க டாக்டர். அந்த மரியாதையை அவங்களுக்கும் குடுப்போம்.