நாத்தனாரின் பை



எங்கள் காரைக்காலில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு விருந்தாளிகள்தான். சில வருஷங்களுக்கு முன் அந்தச் சமயம் என் நாத்தனார் மட்டும் வாசல்படி தாண்டவில்லை. "கூட்டத்துல அவசரமா வந்துட்டா எங்கே அண்ணி ஓடுவேன்?" என்றாள். நாளைக்குப் பதினைந்து தடவை, ரத்தமும் சளியுமாகப் போய்க் கொண்டிருந்தது. கல்யாணமாகி இரண்டே வருஷம்.

சீதபேதி என்று நினைத்து நான் மாதுளை ஓட்டுக் கஷாயம் கொடுத்தேன். பிறகு மூலமாயிருக்கும் என்று கருணைக்கிழங்காகச் சமைத்துப் போட்டேன். இப்படியே எட்டு மாதம் போயிற்று. அந்தத் தவறு என்னுடையதுதான்.

கடைசியில், மாற்றுப் புடவையை மடியில் வைத்துக் கொண்டு புதுச்சேரிக்குப் பஸ் ஏறினோம். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், "அல்சரேடிவ் கொலைட்டிஸ்" என்றார். உடம்பின் எதிர்ப்பு சக்தியே பெருங்குடலின் உள்சவ்வைத் தாக்கிப் புண்ணாக்கும் நோய். பெரும்பாலோருக்கு மருந்திலேயே அடங்கும். மருந்துக்கு மசியாவிட்டாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ, குடல் உப்பி ஓட்டை விழும் அபாயம் வந்தாலோ, புற்றுநோய் அறிகுறி தெரிந்தாலோ ஆபரேஷன்.

இவளுக்கு மருந்து கேட்கவில்லை. பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை மடித்துப் பை போலத் தைத்து ஆசனவாயோடு இணைக்க வேண்டும் என்றார்கள். 1978-ல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியின் பார்க்ஸ், நிக்கல்ஸ் என்ற சர்ஜன்கள் வெளியிட்ட முறை இது. அதற்கு முன் பெரும்பாலோருக்கு ஆயுசுக்கும் வயிற்றில் வெளிப்பைதான்.

"எல்லாம் சரியாப் போயிடுமா டாக்டர்?" என்றேன். அவர் மழுப்பவில்லை. தையல் கசிந்து சீழ் கட்டலாம். குடல் ஒட்டிக் கொண்டு அடைக்கலாம். உள்ளே தைத்த பை அழலலாம். பத்தில் ஒருவருக்கோ அதற்குக் குறைவாகவோ அந்தப் பை பயன்படாமல் வெளிப்பைக்கே திரும்ப நேரலாம். கருக்குழாய்ப் பக்கம் ஒட்டுதல் ஏற்பட்டுக் குழந்தை உண்டாவது சிரமமாகலாம். இதைக் கேட்டதும் நாத்தனார் என் கையை இறுகப் பிடித்துக் கொண்டாள். அன்று இரவு புருஷனும் பெண்டாட்டியும் தனியாகப் பேசினார்கள். "முதல்ல நீ இருக்கணும்" என்றாராம் அவர்.

தையல் ஆறும் வரை மூன்று மாதம் வெளிப்பை. முதல் வாரம் அவள் அதைக் குனிந்தே பார்க்கவில்லை. நர்ஸம்மா சொல்லித் தர, நான்தான் கற்றுக் கொண்டேன். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும். ஒட்டும் இடத்தை வெதுவெதுப்பான தண்ணீரால் துடைத்து ஈரமில்லாமல் ஒற்ற வேண்டும். நார்ப் பண்டங்களை நன்றாக மென்று தின்ன வேண்டும்.

சித்திரை வெயிலில் ஒருநாள் மயங்கி விழுந்தாள். தாகத்துக்கு வெறும் தண்ணீராகவே குடித்திருக்கிறாள். பெருங்குடல் இல்லாதவர்களுக்குத் தண்ணீரோடு உப்பும் வெளியேறிவிடும். டாக்டர் சொல்லும் அளவில் உப்புச் சர்க்கரைக் கரைசலும் அவசியம்.

பிறகு வெளிப்பையை எடுத்துக் குடலை மூடினார்கள். இப்போது நாளைக்கு ஐந்தாறு தடவை போகிறாள். ரத்தமில்லை, ஓட்டமில்லை. ஒரு முறை உள்பை அழன்று காய்ச்சல் வந்தது, ஆன்டிபயாடிக்கில் அடங்கியது. குழந்தை இன்னும் உண்டாகவில்லை. அதற்கும் டாக்டரைப் பார்க்கிறார்கள், வழி இருக்கிறது என்றிருக்கிறார்.

சகோதரிகளே, மலத்தில் ரத்தம் கண்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது வெளிப்பை இருந்தால் முகம் சுளிக்காமல் கூட நில்லுங்கள்.

போன ஆனியில் என் நாத்தனார் கூட்டத்தில் நின்று ஒரு மாம்பழம் பிடித்து வந்தாள். நார் நீக்கிப் பிழிந்து கொடுத்தேன். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அண்ணி" என்றாள்.