கண்டம் எங்கே இருக்கிறது?

"பிள்ளைக்குத் தண்ணீரில் கண்டம்" என்று கட்டம் போட்டுக் கணித்துவிடுகிறார் சோதிடர். அன்றே அடைபடுகிறது ஆற்றுக்குச் செல்லும் வழி! குளக்கரை கூடாது, கிணற்றுப்படி ஆகாது, நீச்சல் என்ற பேச்சே வேண்டாம். தட்சணை பெற்றவர் போய்விடுகிறார். தடை மட்டும் வீட்டிலே தங்கிவிடுகிறது.

நாம் கேட்கிறோம்: நீந்தத் தெரியாத பிள்ளை என்றேனும் கால் இடறி நீரில் வீழ்ந்தால் காப்பது எது? கட்டமா? மந்திரித்த கயிறா? மூழ்கிய பிறகோ, "சொன்னது பலித்தது" என்று சோதிடம் மார்தட்டும். பலித்தது சோதிடமல்ல தோழர்களே, பலிகொண்டது அச்சம்!

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பியுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் சிற்றூர்களில் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிப் பிள்ளையைக் கிணற்றில் இறக்கியவர்களும் அதையே செய்தார்கள். பெரியவர் அருகிருந்தார், கைகால் அடித்தது பிள்ளைதான். ஆழம் எது, சுழல் எது, தன் மூச்சு எதுவரை என்று அளந்தறியும் அறிவு அப்படித்தான் வரும். பூச்சாண்டி காட்டினால் வராது.

பெண்பிள்ளைக்கோ, கண்டத்தோடு 'அடக்கம்' என்ற இரண்டாம் பூட்டு! ஆண் பெண் பார்த்தா இழுக்கிறது வெள்ளம்?

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்கள் கடமை என்று 1976இல் அரசியல் சட்டத்திலேயே எழுதியாயிற்று. அந்தக் கடமை நம் ஊர்க் கிணற்றடியில் தொடங்கட்டும். கோடை விடுமுறையில் இளைஞர் மன்றந்தோறும் நீச்சல் வகுப்பு நடக்கட்டும், பெண்களுக்கும் சேர்த்தே.

கண்டம் கட்டத்தில் இல்லை, கல்லாமையில் இருக்கிறது. சாதகத்தை மூடுவோம், சுரைக்குடுக்கையை எடுப்போம்!