மிதிவண்டியின் விளக்கு துணைக்கருவி அன்று

மிதிவண்டிக்கு விளக்கு வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. அதை வாங்குவதும் மின்னூட்டுவதும் ஓட்டுபவரின் சொந்தக் கவலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த ஒதுக்கலே தவறு.

2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் மோட்டார் இருசக்கர வண்டிகளின் முகப்பு விளக்கு நண்பகலிலும் தானாக எரிந்தாக வேண்டும். பிறர் கண்ணில் படுவதே பாதுகாப்பு என்பது அவ்விதியின் அடிப்படை. மிதிவண்டிக்கென 2020-இல் வந்த தரக்கட்டுப்பாட்டு ஆணையோ பிரதிபலிப்பான்களைப் பற்றியது. பிரதிபலிப்பானுக்குச் சொந்த ஒளி கிடையாது. பிற வண்டியின் வெளிச்சம் தன்மேல் விழுந்தால்தான் மின்னும். அது சாலைப் பள்ளத்தையும் காட்டாது.

சரோஜினி நகரை ஒட்டிச் செல்லும் ரிங் ரோட்டில் இதன் பொருள் விளங்கும். பகலில் தடுக்கப்படும் சரக்கு லாரிகள் இரவில்தான் டெல்லிக்குள் நுழைகின்றன. காவலாளிகளும் உணவகத் தொழிலாளர்களும் மிதிவண்டியில் வீடு திரும்புவதும் இரவில்தான். டிசம்பரில் இருள் ஏறத்தாழ 14 மணி நேரம் நீடிக்கும், மூடுபனி வேறு.

“பவர் பேங்க் போதுமே” என்பார்கள். கணக்கு அதற்கு இடந்தராது. 3 வாட் விளக்கு 14 மணி நேரம் எரிய 42 வாட்-மணி வேண்டும். 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்கின் கொள்ளளவு 37 வாட்-மணி. மின்மாற்ற இழப்பு போனால் இன்னும் குறைவு. 600 கி.மீ. தொலைவை 40 மணி நேரத்தில் கடக்கும் பிரெவே ஓட்டக்காரர் இரண்டு, மூன்று பவர் பேங்குகளைச் சுமக்கலாம். மின்னிணைப்பற்ற தங்குமிடத்துத் தொழிலாளி எங்கே போவார்?

“டைனமோ மிதிப்பைக் கனமாக்கும், மழையில் வழுக்கும், நின்றால் அணையும்” என்பது அடுத்த மறுப்பு. டயரில் உரசும் பழைய டைனமோவுக்கு அது பொருந்தும். சக்கரத்தின் அச்சுக்குடத்திலேயே அமையும் டைனமோவில் உரசலும் இல்லை, வழுக்கலும் இல்லை. அதே 6 வோல்ட், 3 வாட் மின்சாரத்தில் எல்.இ.டி. விளக்கு பழைய குமிழைவிடப் பன்மடங்கு ஒளி தருகிறது. வண்டி நின்ற பிறகும் மின்தேக்கி சில நிமிடம் விளக்கை எரியவிடும். பகலில் அதே மின்சாரம் கைப்பேசிக்கு மின்னூட்டும்.

ஜெர்மனி 2013-இல் டைனமோக் கட்டாயத்தைத் தளர்த்தியதைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அங்கே பேட்டரி விளக்குக்கும் அனுமதி கிடைத்தது. விளக்கே வேண்டாம் என்ற அனுமதி எவருக்கும் கிடைக்கவில்லை.

பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பயணம் 1,200 கி.மீ. அதில் முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். 2020 மே மாத ஊரடங்கில் 15 வயதுச் சிறுமி ஒருவர் தந்தையைப் பின்னிருக்கையில் அமர்த்தி, குருகிராமிலிருந்து தர்பங்காவுக்கு ஏறத்தாழ அதே 1,200 கி.மீ. மிதித்தார். அவருடைய உறுதியை நாடே கொண்டாடியது. அத்தகைய பயணிக்குச் சாலையில் ஒளி தரவேண்டிய பொறுப்பு யாருடையது என்பது மட்டும் விவாதமாகவில்லை. விளையாட்டாய் மிதிப்பவருக்கு விதி உண்டு; வேறு வழியின்றி மிதிப்பவருக்குப் பாராட்டு மட்டுமே உண்டு.

பிரேக் இல்லாத மிதிவண்டியை முழுமையான வண்டி என்று எவரும் விற்பதில்லை. விளக்கும் அவ்வாறே கருதப்பட வேண்டும். தொழிற்சாலையிலேயே டைனமோவும் இரு விளக்குகளும் பொருத்தப்பட்ட பின்னரே மிதிவண்டி கடைக்கு வரவேண்டும். அதனால் கூடும் விலையை ஏழையின் தலையில் கட்டாமல், அரசு வரியைக் குறைத்து ஈடுசெய்யட்டும். மின்சாரக் காருக்குச் சலுகை தரும் அரசுக்கு 3 வாட் மிதிவண்டி விளக்கு பெருஞ்சுமை ஆகாது.