எதிரி என்கிற சம்பளம் வாங்காத ஆடிட்டர்

"யாரையும் பகைத்துக்கொள்ளாதே, அனுசரித்துப் போ" என்று வீட்டிலும் காலேஜிலும் சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்துவிட்டார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. எதிரியே இல்லாதவனுக்கு, அவன் குறையைச் சொல்ல ஆளே இல்லை!

நீங்கள் போட்ட பேலன்ஸ் ஷீட்டை நண்பனிடம் காட்டிப் பாருங்கள். "சூப்பர் மச்சி" என்பான். உங்களை ஆகாதவனிடம் காட்டுங்கள். எங்கே டேலி ஆகவில்லை என்று இரண்டே நிமிஷத்தில் கண்டுபிடித்துச் சிரிப்பான். இதில் யாரால் உங்களுக்கு லாபம்?

எங்கள் பழவேற்காட்டையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1612ல் போர்த்துக்கீசியர் வந்து டச்சுக்காரர்களின் வியாபாரக் கிடங்கை அழித்தார்கள். அடி வாங்கியவர்கள் மூட்டை கட்டவில்லை, 1613ல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அடுத்து அங்கே கடை விரிக்க வந்த ஆங்கிலேயர்களை இதே டச்சுக்காரர்கள் நிம்மதியாக இருக்கவிடவில்லை. அவர்கள் 1626ல் வடக்கே ஆர்மகானுக்குப் போய், அங்கும் சரிப்படாமல், 1639ல் சென்னையில் இடம் பிடித்தார்கள். டச்சுக்காரர்கள் தங்கமான பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்திருந்தால், கோட்டை இருக்கும் இடத்தில் இன்று என்ன இருந்திருக்குமோ!

வெள்ளைக்காரன் கதை வேண்டாம் என்கிறீர்களா? பசியாவரத்தைச் சுற்றிக் கிடக்கும் இதே ஏரியில் 'பாடு' என்று ஒரு வழக்கம் உண்டு. இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று சில குப்பங்கள் முறை வைத்துக்கொள்கின்றன. இன்று ஒருவர் முறை, நாளை இன்னொருவர் முறை. இதை யார் கண்காணிப்பது? நாளைக்கு முறை வருகிறவர்தான்! அவரைவிடக் கண்ணில் எண்ணெய் ஊற்றிப் பார்க்கிற அதிகாரி உண்டா? இன்டர்னல் செக் என்று நாம் புத்தகத்தில் படிப்பது இதைத்தானே?

"பகை வெட்டுக்குத்தில் போய் முடியாதா?" என்பீர்கள். முடியும். பாட்டில் இடம் இல்லாதவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் இந்த ஏரியிலேயே மோதல்கள் நடந்திருக்கின்றன. ஆனால் காரணம் போட்டி அல்ல. முறைக்குள் இடம் கொடுத்தால் போட்டியாளர், வெளியே நிறுத்தினால் பகையாளி. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் எதிரியை ஒழிக்க நினைக்காதீர்கள். அவன் கேஸ் போட்டால், வாய்ச்சண்டை போட்டால், போடட்டும். ரிசல்ட் வந்ததும் உங்கள் மார்க்குக்கு அடுத்தபடியாக யார் மார்க்கைத் தேடுகிறீர்கள்? இத்தனை நாள் உங்களைப் படிக்க வைத்தது அவன்தான்.